சேலத்தில் ஐபிஎல் பார்க்க ஸ்போர்ட்ஸ் பார்: மேப்பில் ஒன்றும் வரவில்லையா?

தேடுற சொல்லை மாத்துங்க. இங்க பெரும்பாலும் "ஸ்போர்ட்ஸ் பார்"னு போர்டு இருக்காது, அதான் மேப்ல சிக்கல. "பார் உள்ள ஹோட்டல்"னு போட்டு ஐந்து ரோடு, ஓமலூர் ரோடு பக்கம் பாருங்க. டாஸ்மாக் பார் சரிப்படாது. கடையை ராத்திரி 10 மணிக்கே மூடிடுவாங்க, அப்போ ரெண்டாவது இன்னிங்ஸ் பாதிகூட ஓடியிருக்காது.

கிளம்புறதுக்கு முன்னாடி போன் போட்டு ரெண்டே கேள்வி:

1. மேட்ச் டிடிஹெச்லயா, ஆப்லயா? ஆப்னா பல நொடி பின்தங்கும். பக்கத்து டேபிள்காரர் போன்ல விக்கெட் முதல்ல விழுந்துடும், கடுப்பா இருக்கும்.

2. கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு? 7.30 மேட்ச் முடிய 11 தாண்டும்.

ஏற்காடு ரிசார்ட்ல பார்க்கிற எண்ணம்னா ரூம் போட்டுடுங்க. குடிச்சிட்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கவே கூடாது.