சுவரில் ஒட்டிய கதே

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 33. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளைம் பிரிவில் வேலை. காலையில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரை கோப்புகள்தான். எழுத வேண்டும் என்பது என் கனவு. மூன்று கதைகள் பாதியில் நிற்கின்றன. ‘உன்னால் முடிந்ததை, முடியும் என்று நீ கனவு காண்பதைத் தொடங்கு, துணிவில் மேதைமையும் ஆற்றலும் மாயமும் உண்டு’ என்ற ஜெர்மன் கவிஞர் கதேயின் வரியை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேலையை விட்டுவிடத் தோன்றுகிறது. வீட்டுக் காரியங்களும் விடுவதில்லை. அப்பாவின் கண்புரை அறுவைக்கு நாள் வாங்க வேண்டும், அதுவே இரண்டு மாதமாகத் தள்ளிப்போகிறது. வாழ்க்கையையும் குணத்தையும் பற்றி கதே சொன்னவற்றை அறிய எந்த நூலில் தொடங்கலாம்? பெண்கள் விஷயத்தில் அவர் அவ்வளவு சரியில்லை என்கிறார்களே, அப்படிப்பட்டவரிடம் போய்க் குணத்தைப் பற்றிக் கேட்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் சுவரில் இருப்பதைக் கிழியுங்கள். அது கதே எழுதியதல்ல. ஜான் ஆன்ஸ்டர் என்ற ஐரிஷ்காரர் 1835-இல் கதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூலத்தை விட்டு மிகவும் விலகிப்போன மொழிபெயர்ப்பு. நாடகம் தொடங்குமுன் கம்பெனி முதலாளி கவிஞனைப் பிடித்து, பேசியது போதும், சரக்கைக் கொடு என்று விரட்டும் காட்சி ஒன்று உண்டு. அந்த இடத்தில் ஆன்ஸ்டர் தன் கைச்சரக்காகச் சேர்த்த வரிகள் இவை. 1951-இல் மர்ரே என்ற ஸ்காட்லாந்து மலையேறி தன் இமயப் பயண நூலில் இதைக் கதேயின் பெயரில் எடுத்துப்போட்டார். அங்கிருந்து நாள்காட்டி, காபிக் கோப்பை, கடைசியில் உங்கள் சுவர். டிக்கெட் விற்றாக வேண்டிய ஒரு முதலாளியின் அவசரத்தை நம்பி வேலையை விடப் பார்க்கிறீர்கள்.

பெண்கள் விஷயத்தை விட்டுவிடுவோம். கிறிஸ்டியானே என்ற பெண்ணோடு 18 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்துவிட்டு 1806-இல்தான் மணம் செய்துகொண்டார். அவர் இருந்த வைமர் நகரத்தின் அன்றைய சீமாட்டிகள் அதைப் போதுமான அளவு பேசிவிட்டார்கள். நாம் வேறு எதற்கு?

உங்கள் கடிதம் வந்த வாரம் பரண் துடைக்கையில் என் பழைய டைரி கிடைத்தது. அதில் என் கையெழுத்தில், சிவப்பு மையில், ‘திறமை தனிமையின் அமைதியில் உருவாகிறது.’ கீழே கதே என்று பெயர். இது உண்மையாகவே அவருடையது, ‘டாஸோ’ நாடகத்தில் வருவது. ஆனால் நான் எழுதிவைத்தது பாதி வரி. மீதி இது: ‘குணம் உலகத்தின் ஓட்டத்தில் உருவாகிறது.’ அந்தப் பாதியை ஏன் விட்டேன் என்று நாலு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் ஒரு சாலைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தர். எம்-புக் என்ற அளவுப் புத்தகம், பில், கருவூலம், இவற்றுக்கு நடுவில் என்னை நான் கதேயின் நாவல் நாயகன் வெர்தராகவே எண்ணிக்கொண்டிருந்தேன். ஹெட் கிளார்க் பார்த்துவிடக் கூடாதென்று புத்தகத்தின் மேல் ஏதாவது ஒரு தாளை விரித்துக்கொண்டு படிப்பேன். 1986 தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்படி விரித்த தாள் ஒரு மஸ்டர் ரோல். ஜல்லி கொட்டும், தார் ஊற்றும் 23 பேரின் நாள் கணக்கு. மணி ஐந்தானதும் புத்தகத்தை மூடிப் பையில் போட்டேன். தாளும் உள்ளே போய்விட்டது. பில் போகவில்லை, கருவூலம் விடுமுறைக்கு மூடியது.

தீபாவளி கழிந்த அன்று அந்த கேங்கிலிருந்து ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. “சார், எங்க தாள் போயிருச்சா?” என்று மட்டும் கேட்டார். ஹெட் கிளார்க் என்னைத் திட்டவில்லை. தாளைக் கொண்டுவரச் சொல்லி, “படிக்கிற ஆளுதானே நீ? இதையும் படி, அந்தம்மா கேக்கட்டும்” என்றார். படித்தேன். பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், எத்தனை நாள். ஒன்பதாவதோ பத்தாவதோ அந்த அம்மாவின் பெயர். அதைப் படிக்கையில் “ஆமா, நான்தான்” என்றார், பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்வதுபோல. தனிமையின் அமைதியில் நான் வளர்த்த திறமை அன்று எனக்கு எதற்கும் உதவவில்லை.

அப்போது எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வெர்தரை எழுதிய மனிதரும் சாலை போட்டவர். 1774-இல் அந்த நாவல் ஐரோப்பாவைக் கலக்கியது. மறு ஆண்டே, 26 வயதில், வைமருக்குப் போய்ச் சின்னஞ்சிறு சமஸ்தானம் ஒன்றின் நிர்வாகத்தில் புகுந்தார். சாலை அவர் பொறுப்பு, படை அவர் பொறுப்பு, பிறகு நிதியும். இல்மெனாவில் பாழடைந்து கிடந்த செம்பு, வெள்ளிச் சுரங்கத்தை 1784-இல் திரும்பத் திறந்தார். 1796-இல் தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது, அத்தோடு போயிற்று. அத்தனை வருட உழைப்புக்கும் பலன் பூஜ்யம். ‘வீணாய்ப் போன காலம்’ என்று இலக்கியவாதிகள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அந்த உச்சுக்கொட்டல் பிடிக்காது. 1780 செப்டம்பரில் அதே இல்மெனாவை ஒட்டிய குன்றின் மேல் ஒரு மரக்குடிலில் தங்கியபோதுதான், ‘சிகரங்கள் மேலெல்லாம் அமைதி’ என்று தொடங்கும் எட்டு வரிகளை அதன் சுவரில் எழுதினார். ஜெர்மன் மொழியின் மிகச்சிறந்த கவிதை என்று பலரும் சொல்வது அது. 51 ஆண்டு கழித்து, 82-ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், மறுபடி அங்கே ஏறிப்போய் அந்தக் கையெழுத்தைப் பார்த்து அழுதார். கூட இருந்தது ஒரு சுரங்க அதிகாரி. ஒரு கவிஞர்கூட இல்லை.

‘அவரும் ஓடினாரே’ என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். 1786 செப்டம்பர் 3, விடியற்காலை மூன்று மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் கார்ல்ஸ்பாட் என்ற ஊரிலிருந்து இத்தாலிக்கு, மோல்லர் என்ற பொய்ப்பெயரில். ஆனால் பதினோரு வருடம் மேசையில் உட்கார்ந்த பிறகு ஓடினார். சம்பளமும் வந்துகொண்டிருந்தது. உங்கள் நிறுவனம் அப்படித் தருமா, விசாரித்துப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய, கேட்காத விஷயம். 1783-இல் வைமரில் யோஹன்னா ஹோன் என்ற பணிப்பெண் தன் பச்சைக் குழந்தையைக் கொன்றாள். இப்படிப்பட்ட குற்றத்துக்கு மரணதண்டனை வேண்டுமா என்று சமஸ்தானத்தின் பிரபு தன் ஆலோசகர்களைக் கேட்டார். தண்டனை இருக்கட்டும் என்ற மற்றவர்களோடு கதேயும் ஒத்துப்போனார். நவம்பர் 28-ஆம் தேதி அவள் தலை வெட்டப்பட்டது. ‘ஃபாஸ்ட்’டில் குழந்தையைக் கொன்றுவிட்டுச் சிறையில் பித்தாகிக் கிடக்கும் கிரெட்சனை அவர் அதற்கு முன்பே எழுதிவிட்டிருந்தார். கைப்பிரதி வீட்டில் இருந்தது. கிரெட்சனுக்காக அழத் தெரிந்த கை, ஹோனின் கோப்பில் அப்படி எழுதியது. கிறிஸ்டியானே விவகாரத்தில் நான் அவரை மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. இதில் மன்னிக்க நான் யார் என்று தெரியவில்லை. ஆனால் ‘டாஸோ’வின் அந்த இரண்டாவது பாதியை ஆறு வருடம் கழித்து எழுதி முடித்தவர் இந்தக் கோப்பையும் கடந்து வந்தவர். அதனால்தான் அவர் குணத்தைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறேன். கறைபடாதவர் சொல்லியிருந்தால் சுவரில் ஒட்டத்தான் ஆகும்.

நீங்களோ கிளைம் பிரிவில் இருந்துகொண்டு ‘கோப்புகள்தான்’ என்று எழுதுகிறீர்கள். கோப்புகள்தானா? புருஷனை இழந்தவள், விபத்தில் கால் போனவன், இவர்களெல்லாம் உங்கள் மேசையில் நூல் கட்டிக் கிடக்கிறார்கள். மூன்று கதை பாதியில் நிற்கிறதென்று வருத்தப்படுகிறீர்கள். உங்கள் மேசையில் எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். 23 பேரை ஒரு புத்தகத்துக்குள் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனவன்தான் கேட்கிறேன்.

நூல் கேட்டீர்கள். எக்கர்மன் என்பவர் கதேயோடு பேசித் தொகுத்த உரையாடல்களை எடுங்கள், 1824 ஜனவரி 27-ஆம் தேதிக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். என் 75 வருடத்தில் நான்கு வாரம்கூட நிம்மதியாக இருந்ததில்லை, உருண்டு விழும் கல்லைத் திரும்பத் திரும்பத் தூக்கியதுதான் என் வாழ்க்கை என்கிறார் கிழவர். ஊரே பாக்கியவான் என்று சொன்ன மனிதர்.

சுவர் காலியாக இருப்பது பொறுக்கவில்லையென்றால் இதை ஒட்டிக்கொள்ளுங்கள். இதுவும் அவர் எழுதியதுதான், சந்தேகமில்லை. தன்னை எப்படி அறிவது? பார்த்துக்கொண்டே இருப்பதால் ஒருபோதும் முடியாது, செய்வதால்தான் முடியும். உன் கடமையைச் செய்து பார், உன்னிடம் என்ன இருக்கிறதென்று உடனே தெரியும். கடமை எது? இன்றைய நாள் உன்னிடம் கேட்பது.

இன்றைக்கு வியாழக்கிழமை. கண் மருத்துவமனைக்குப் போன் செய்து அப்பாவுக்கு நாள் வாங்குங்கள். கதைகளை அதற்குப் பிறகு அனுப்புங்கள், பாதியில் நின்றாலும் பரவாயில்லை, படிக்கிறேன்.