வெளிநாட்டில் சைக்கிள் மக்கர் செய்தால்: தண்டையார்பேட்டை மெக்கானிக்கின் பதில்கள்

தண்டையார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். லீவு கிடைத்தால் கடையைப் பூட்டிவிட்டு சைக்கிளோடு ஏதாவது ஒரு நாட்டுக்குக் கிளம்பிவிடுவேன். இந்த டிசம்பரில் போகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். என் கணக்கு ஒன்றுதான்: போகிற ஊரில் எது கிடைக்காதோ அதை மட்டும் சுமக்க வேண்டும்.

அண்ணா, நாங்கள் நாலு பேர் வியட்நாம் போகிறோம். எத்தனை டியூப், எத்தனை டயர் எடுத்துக்கொள்வது? (ராயபுரம், கல்லூரி மாணவர்)

ஆளுக்கு இரண்டு டியூப். டயர், மடித்து வைக்கிற வகையில் குழுவுக்கு ஒன்று போதும். ஆனால் நாலு பேருக்கும் ஒரே அளவு சக்கரம் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும், தம்பி. முதலில் டயர் பக்கவாட்டில் 40-622 என்கிற மாதிரி அச்சடித்திருப்பதைப் பாருங்கள். முன் எண் டயரின் அகலம், பின் எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி, 29 இன்ச் எல்லாம் 622தான். 27.5 என்றால் 584. பழைய எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) 26 என்றால் 559. நம் அப்பா காலத்துப் பெரிய சைக்கிளின் 28 இன்ச் டயர் 635. அதனால் கடையில் போய் வெறுமனே "28" என்று கேட்காதீர்கள், வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினால் பாஷையே வேண்டாம்.

வால்வையும் பாருங்கள். மெலிந்த பிரெஸ்டா வால்வு என்றால், பைக் பம்பில் காற்றடிக்க உதவும் சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள். தொலையாது.

பஞ்சர் சொல்யூஷனை விமானத்தில் விடுவார்களா?

தீப்பிடிக்கிற பசை, விட மாட்டார்கள். தானே ஒட்டிக்கொள்ளும் ஒட்டுகளை எடுத்துப் போங்கள், சொல்யூஷனை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். டியூபுக்குக் காற்று நிரப்புகிற காஸ் குப்பியும் வேண்டாம், கைப்பம்பு போதும்.

ஒட்டி முடித்து ரெண்டு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி இறங்கிவிடுகிறது. ஊரிலேயே இப்படி என்றால் வெளிநாட்டில் என்ன செய்வேன்? (திருவொற்றியூர்)

குத்தியதை எடுக்காமலே ஒட்டியிருப்பீர்கள், அக்கா. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் டயர் கிழிந்து, உள்ளிருக்கும் முடி போன்ற கம்பி ஓரமெல்லாம் கிடக்கும். எந்த நாட்டு நெடுஞ்சாலையிலும் லாரி ஓடினால் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாது. டயரின் உள்பக்கத்தில் பஞ்சை வைத்துத் தடவினால் சிக்கும். புருவம் திருத்துகிற சாமணத்தால் பிடுங்கிவிடலாம்.

இதற்கு ஒரு வசதி செய்துகொள்ளுங்கள். டயரை மாட்டும்போது அதில் எழுதியிருக்கும் பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். அப்புறம் டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஓட்டையின் இடமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். ரிம் பக்கமாக ஓட்டை என்றால் ரிம்முக்குள் துளைகளை மூடியிருக்கும் பட்டை, அதாவது ரிம் டேப், நகர்ந்து போக்ஸ் துளை தெரிகிறது. அதைச் சரிசெய்யாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டுதான் தீரும்.

போக்ஸ் கம்பி உடைந்தால்?

சுமை ஏற்றிய சைக்கிளில் பெரும்பாலும் பின் சக்கரத்தில், கியர் இருக்கும் வலது பக்கம்தான் உடையும். அங்கே கம்பி மாற்ற வேண்டும் என்றால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதற்குத் தனி டூல். நடுக்காட்டில் அது நடக்காது. நூல் மாதிரியான அவசர போக்ஸ் கிடைக்கிறது, பல்சக்கரத்தைக் கழற்றாமலே கோத்து இழுத்துக் கட்டி ஊர்போய்ச் சேரலாம். அதுவும் இல்லையா, உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டி, அதன் இரு பக்கத்துக் கம்பிகளையும் கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் பிரேக்கில் உரசாமல் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். உங்கள் சக்கரத்துக்கான நீளத்தில் நாலைந்து கம்பி கையில் இருக்கட்டும், அந்த நீளம் எல்லா ஊரிலும் கிடைக்காது. சக்கரத்தின் கோட்டம் எடுக்க இங்கேயே பழகிவிட்டுப் போங்கள்.

பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றினால் கியர் வளைந்துவிடுமாமே?

வளைவது கியரைத் தாங்கும் ஹேங்கர். மெல்லிய அலுமினியத் துண்டு, பிரேம் தப்பிக்கட்டும் என்று அது முதலில் வளையும்படி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் வெவ்வேறு வடிவம். உங்கள் சைக்கிளுக்கான ஹேங்கர் ஒன்று பையில் இல்லாமல் கிளம்பாதீர்கள், இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பெட்டியில் வைக்கும்முன் கியரை அவிழ்த்து பிரேமுக்கு உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள்.

வழியில் ஹேங்கர் முறிந்துவிட்டால் செயினைக் கொஞ்சம் குறைத்து, கியரை விட்டுவிட்டு ஒரே பல்சக்கரத்தில் ஓட்டலாம். செயினை மறுபடி இணைக்கிற லிங்க் உங்கள் ஸ்பீடுக்கு, அதாவது பின்னால் இருக்கும் பல்சக்கரங்களின் எண்ணிக்கைக்கு, உரியதாக இருக்க வேண்டும். 10 ஸ்பீடு செயினில் 8 ஸ்பீடு லிங்க் சரிப்படாது.

நான் வெல்டிங் பட்டறைக்காரன். கேரியர் முறிந்தால் அங்கே பற்ற வைத்துக்கொள்ள முடியாதா? (வியாசர்பாடி)

இரும்புக் கேரியர் என்றால் எந்தக் கிராமத்திலும் பற்ற வைத்துவிடுவார்கள். அலுமினியம் என்றால் ஆள் தேட வேண்டும், உங்களுக்கே தெரியும். முறிவதைவிட போல்ட் கழன்று விழுவதுதான் அதிகம். எம்5 (5 மில்லிமீட்டர்) போல்ட் சில, ஹோஸ் கிளிப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் வண்டி ஓட்டும் நாட்டில் பழகிவிடுமா?

பழகிவிடும். ஆனால் டீ குடித்துவிட்டுக் கிளம்பும் முதல் நிமிடத்தில் மூளை இடது பக்கத்துக்கே இழுக்கும், பெரும்பாலும் அப்போதுதான் ஆபத்து. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் வலது பக்கம். இலங்கை, தாய்லாந்து, மலேசியா நம்மைப் போல. வலப்பக்க நாட்டில் வண்டிகள் உங்கள் இடதுபக்கமாக முந்தும், அதனால் கண்ணாடியை இடதுக்கு மாற்றுங்கள். அங்கே வாடகைக்கு சைக்கிள் எடுத்தால் முதலில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் முன்பிரேக் இடது கையில் இருக்கும்.

மகன் தனியாகப் போகிறான். விழுந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால் யாரைக் கூப்பிடுவான்? (பெரம்பூர், ஒரு அம்மா)

இந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள், அம்மா. இலங்கையில் ஆம்புலன்ஸ் 1990, தாய்லாந்தில் 1669, வியட்நாமில் 115. தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீசில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு இந்தியத் தூதரகம் போக வேண்டும். ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள். இன்சூரன்ஸ் வாங்கும்போது சைக்கிள் ஓட்டும்போது நேரும் விபத்தும் அதில் சேர்த்தியா என்று படித்துப் பாருங்கள். சைக்கிளின் அடியில் இருக்கும் பிரேம் எண்ணையும் போட்டோ எடுத்து வைக்கட்டும், திருட்டுப்போனால் கேட்பார்கள்.

பெட்டியில் போட இடது பெடலைக் கழற்றப் பார்க்கிறேன், அசையவே மாட்டேன் என்கிறது.

இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும். அப்படியும் வராவிட்டால் கடைக்குக் கொண்டுவாருங்கள், நீளமான ஸ்பேனர் இருக்கிறது.