தரைப்படைக்குத் துணையாக எந்த விமானம்?

கேள்வி: அமெரிக்காவிடம் ஒலியைவிட வேகமாகப் பறக்கும் எஃப்-35 போர் விமானம் இருக்கும்போது, மெதுவாகப் போகும் பழைய ஏ-10 போர் விமானம் எதற்கு?

பதில்: கீழே நம் வீரர்களும் எதிரியும் சில நூறு மீட்டர் இடைவெளியில் நிற்கும்போது, வேகத்தைவிட யார் எங்கே இருக்கிறார்கள் என்று சரியாகப் பார்ப்பதுதான் முக்கியம். 2014 ஜூனில் ஆப்கானிஸ்தானில் பி-1 ரக அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் குண்டு போட்டதில் 5 அமெரிக்க வீரர்கள் சொந்தப் படையின் குண்டுக்கே பலியானார்கள், அவர்கள் அணிந்திருந்த அகச்சிவப்பு அடையாள விளக்குகளை அந்த விமானத்தின் கருவியால் பார்க்கவே முடியாது என்பது விமானிகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

ஏ-10 இந்த வேலைக்கென்றே கட்டப்பட்டது. தாழ்வாக, மெதுவாகச் சுற்றிக்கொண்டே நெடுநேரம் காத்திருக்கும், மூக்கில் 30 மி.மீ. பீரங்கி, விமானியைச் சுற்றிச் சுமார் 540 கிலோ டைட்டானியக் கவசம். 2003-இல் பாக்தாத் மேலே அடிபட்டு ஹைட்ராலிக்ஸ் (விமானத்தைத் திருப்ப உதவும் திரவ அழுத்த அமைப்பு) முழுவதும் போன பிறகும், கிம் கேம்பெல் என்ற விமானி கையாலேயே இயக்கி அதைத் தளத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

சரி, அப்படியென்றால் எல்லா இடத்துக்கும் ஏ-10தானா? இல்லை. எதிரியிடம் நல்ல வான்காப்பு ஏவுகணைகள் இருந்தால் மெதுவான விமானம் தப்பாது, உக்ரைனில் அதே வகையான சுகோய்-25 விமானங்களை இரு தரப்பும் நிறைய இழந்திருக்கின்றன. அந்த மாதிரி வானத்தில் தூரத்திலிருந்தே குறிபார்த்து அடிக்கும் எஃப்-35தான் என் தேர்வு. அப்புறம், எந்த விமானமானாலும் தரையிலிருந்து இலக்கு சொல்லும் பயிற்சி பெற்ற ஆள் கட்டாயம் வேண்டும்.