சாயப்பட்டறை கேள்வி – பதில்

கேள்வி: பாலியஸ்டர் 67, பருத்தி 33 கலந்த சர்ட்டிங் துணிக்கு தெர்மோசால் முறையில் (சாயத்தில் நனைத்துக் காய வைத்து, கடும் சூட்டில் பதிப்பது) நேவி புளூ ஓட்டுகிறோம். முகப்பக்கம் அடர்த்தியாகவும் பின்பக்கம் வெளிறியும் வருகிறது. சாயத்தை மாற்றியும் அதே கதைதான். சேம்பர் (சாயம் பதிக்கும் சூட்டறை) சூட்டைக் கூட்டலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: கூட்ட வேண்டாம். 210 டிகிரி சேம்பருக்குள் துணி போவதற்கு முன்பே தப்பு நடந்துவிடுகிறது. பேடரில் (சாயத்தில் முக்கி உருளைகளில் பிழியும் மெஷின்) பிழிந்து வந்ததும், பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம் துணிக்குள் ஊறியிருக்காது. நூல்களுக்கு நடுவே தண்ணீரில் மிதக்கும் தூளாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் முதலில் காய்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும், சாயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதை அப்படியே சூட்டில் பதித்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

முதலில் இன்ஃப்ராரெட் வரிசையை (துணியைத் தொடாமல் காய வைக்கும் ஹீட்டர்கள்) பாருங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு எமிட்டர் அணைந்திருந்தாலே இந்தக் கோளாறு வரும். பேடரில் 60 சதவீதம் பிக்கப் (துணி எடையில் அது ஏற்றுக்கொள்ளும் கரைசலின் அளவு) எடுத்த துணி, எந்த ரோலரையும் தொடாமல், இன்ஃப்ராரெட்டிலேயே 30 சதவீத ஈரத்துக்கு இறங்க வேண்டும். அதற்குக் கீழே தண்ணீர் ஓட இடமில்லை. மிச்சத்தை ஹாட் ஃப்ளூவில் (சூடான காற்று அறை) நிதானமாகக் காய வைக்கலாம். பிக்கப்பையே குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது, நகரும் தண்ணீரே குறையும்.

சோடியம் ஆல்ஜினேட் போன்ற மைக்ரேஷன் (சாயம் நகர்வது) தடுப்பான் போதுமா என்று லேபிலேயே பார்க்கலாம். பேட் செய்த ஈரத்துணியைக் கண்ணாடித் தகட்டில் விரித்து, நடுவில் ஒரு வாட்ச் கிளாஸை (லேபில் இருக்கும் சிறிய குழிவான கண்ணாடித் தட்டு) கவிழ்த்துக் காய விடுங்கள். பிறகு சூட்டில் பதித்துப் பாருங்கள். மூடியிருந்த இடம் வெளிறிய வட்டமாகத் தெரிந்தால் சாயம் ஓடியிருக்கிறது. வட்டம் மறையும் அளவே சரியான அளவு. அதற்கு மேல் கொட்டினால் ரோலரில்தான் பிசுபிசுக்கும்.

கேள்வி: பருத்தி டிரில் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (பருத்தியோடு வினைபுரிந்து பிடிப்பது). முதல் 200, 300 மீட்டர் ஒரு ஷேடு, அதற்கப்புறம் வேறு ஷேடு. ஏன்?
– பெருந்துறை வாசகர்

பதில்: இதற்குப் பெயர் டெய்லிங். சாயத்துக்குப் பருத்திமேல் ஈர்ப்பு அதிகமானால், தண்ணீரைவிட வேகமாக அதை நூல் உறிஞ்சும். சாயத் தொட்டியில் இருப்பது நீர்த்துக்கொண்டே போய் ஒரு நிலையில் நிற்கும். அந்த நிலை வரும் வரை ஓடியதெல்லாம் வேறு ஷேடுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள துணி, 65 சதவீத பிக்கப் என்றால் மீட்டருக்கு 260 கிராம் கரைசல் போகிறது. தொட்டியில் 80 லிட்டர் நின்றால் அது ஒருமுறை மாறவே 300 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். 30 லிட்டர் என்றால் 115 மீட்டர். ஆகவே தொட்டியைச் சிறிதாக்குங்கள். கரைசல் 20 – 25 டிகிரியில் இருக்கட்டும். டிரையரிலிருந்து வரும் துணியைக் கூலிங் சிலிண்டரில் ஆற வைத்து உள்ளே விடுங்கள். சூடான துணி தொட்டியையும் சூடாக்கிவிடும். நிறம் கலக்கும்போது ஈர்ப்பு ஒத்த சாயங்களையே சேருங்கள். இல்லாவிட்டால் அடர்த்தி மட்டுமல்ல, சாயலே மாறும்.

பேடர் தொட்டியில் சாயத்தோடு காரமும் சேர்த்து ஓட்டுவது என்றால் இன்னொரு வில்லங்கம்: நிற்க நிற்க சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும், துணியில் பிடிக்காது. சாயமும் காரமும் தனித்தனி டேங்கில் இருந்து, டோசிங் பம்ப் (அளந்து விடும் பம்ப்) வழியாகத் தொட்டிக்கு வரும்போது கலப்பதே முறை.

கேள்வி: லைக்ரா (இழுபடும் நூல்) கலந்த வெள்ளை நிட் துணி, ஹீட் செட்டிங்கில் (சூட்டில் அளவை நிலைநிறுத்துவது) மஞ்சள் அடிக்கிறது.
– திருப்பூர் வாசகர்

பதில்: கிரே துணியை (கழுவாத துணி) அப்படியே ஸ்டென்டரில் (துணியை விரித்துப் பிடித்துச் சூடாக்கும் மெஷின்) விடுகிறீர்களா? நிட்டிங் எண்ணெய் 190 டிகிரியில் கருகிப் பிடித்துவிட்டால் பிளீச்சிலும் முழுசாகப் போகாது. முதலில் சோப்புக் கழுவல், பிறகு செட்டிங். வெள்ளைக்கு 185 டிகிரி வைத்துப் பாருங்கள். 180-க்குக் கீழே இறங்கினால் லைக்ரா சரியாக செட் ஆகாது, ஓரம் சுருளும். மஞ்சள் பட்டை பட்டையாக வந்தால், ஆபரேட்டரிடம் மெஷின் எங்கே நின்றது என்று கேளுங்கள்; நின்ற இடத்தில் துணி அதிக நேரம் சூட்டில் கிடந்திருக்கும்.