வாட்சையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா

கேள்வி: என் அம்மா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அடுத்த மாதம் தலைத்திவசம். நினைவு மலர் போடலாம் என்று சொன்ன அண்ணன், இரண்டு பக்கம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று ஆரம்பித்து நான்காவது வரியில் நின்றுவிட்டேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அம்மா வீட்டில் இல்லாததுதான். தீபாவளிக்கு எண்ணெய் வைத்துவிட்டது சித்தி. காய்ச்சலில் படுத்தால்கூட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாட்சைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். 1985-ல் பிறந்த எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை. இதையெல்லாம் எழுதலாமா?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக எழுதலாம். அந்த நான்கு வரியை அடித்துவிட்டு, சித்தி எண்ணெய் வைத்த தீபாவளியிலிருந்தே ஆரம்பியுங்கள். நினைவு மலர்கள் நிறையப் படித்துவிட்டேன். அட்டையில் குத்துவிளக்கு, உள்ளே பாசம், பொறுமை, தியாகம். பெயரை மட்டும் மாற்றினால் எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் அந்த வாட்ச். நாடி பார்க்கும்போது விநாடி முள்ளிலிருந்து கண்ணை எடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். அதனால்தான் வாட்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிக்கொள்ளும் நர்ஸுகள் உண்டு. உங்கள் அம்மா எப்படிக் கட்டியிருந்தார்? ட்ரிப்ஸுக்கும் அதே கணக்குதான். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழுகிற ட்ரிப்ஸ் குழாய் செட்டில் அரை லிட்டர் பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால், நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. பாட்டிலுக்குக் கீழே நின்று வாட்சையும் சொட்டையும் மாறி மாறிப் பார்த்து, திருகியைக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி எண்ணி, அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். ராத்திரி முழுக்க இப்படி எண்ணிவிட்டுக் காலையில் வீட்டுக்கு வந்தவர், உங்கள் கையைப் பிடித்தும் எண்ணியிருக்கிறார்.

இதைச் சொல்வது உங்கள் கோபத்தைத் தப்பு என்பதற்காக இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு நாடி எத்தனை என்பதா முக்கியம்? அம்மா நிமிர்ந்து பார்த்தாரா என்பதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. பென்ஷன் காகிதங்களோடு அவருடைய சர்வீஸ் ரெஜிஸ்டரின் நகல் பீரோவில் கிடக்கிறதா பாருங்கள். டிரான்ஸ்ஃபர், இன்கிரிமென்ட், எடுத்த லீவு எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் பிறந்த வருஷத்து லீவுப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். இன்று தமிழக அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். 2021-ல்தான் அப்படி ஆனது. உங்கள் அம்மா காலத்தில் 90 நாள். மூன்று மாதக் குழந்தையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனவர், முதல் நாள் யூனிஃபார்மில் பால் நனைந்தபோது என்ன செய்தார் என்று சித்தியைக் கேளுங்கள். எனக்கென்னவோ, அந்த இரண்டு பக்கத்தில் பாதி சித்திக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. அண்ணன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம், அம்மாவோடு வேலை பார்த்த சிஸ்டர்கள், ஆயாம்மாக்கள் இரண்டு மூன்று பேருக்குப் போன் போடுங்கள். “அம்மா எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் “தங்கமானவங்க” என்பதோடு முடிந்துவிடும். நைட் டூட்டியில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், அம்மா டப்பாவில் என்ன இருக்கும், டூட்டி முடிந்து அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஓவர் கொடுக்கும்போது யாரைத் திட்டுவார் என்று கேளுங்கள். போனை வைக்க விடமாட்டார்கள்.

அவர்கள் சொல்லும் கதைகளில் நோயாளிகளின் பெயர் வந்தால் மட்டும் அச்சில் போட வேண்டாம். உங்கள் அம்மா அந்தப் பெயர்களை வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.