காஸ்பேஸும் அரிவாள்மனையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செல் மரணம் பற்றிய கட்டுரையில் புரதங்களை வெட்டிச் செல்லைச் சாகச் செய்யும் காஸ்பேஸ் நொதிகளை ‘செல்லுக்குள் இருக்கும் எமன்’ என்று எழுதியிருந்தீர்கள். புதுச்சேரியில் நர்சிங் படிக்கும் என் மகள், காஸ்பேஸ்-8 குறையோடு பிறக்கும் பிள்ளைகளுக்கு ஓயாமல் தொற்று வரும் என்கிறாள். கொல்லும் நொதி இல்லையென்றால் எதிர்ப்பு செல்கள் சாகாமல் பெருகத்தானே வேண்டும்? எதிர்ப்பு சக்தி எப்படிக் குறையும்?

– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொல்வது சரி. எமன் என்று நான் எழுதியது பாதி உண்மைதான். திருத்திக்கொள்கிறேன்.

2002இல் அந்தக் குறையோடு பிறந்த உடன்பிறப்புகள் இருவரைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீங்கள் எதிர்பார்ப்பதும் கொஞ்சம் நடந்திருந்தது. நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. ஆனால் சைனஸ், நுரையீரல் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. தடுப்பூசி போட்டும் உடம்பு சரியாக எதிர்வினை காட்டவில்லை. டி செல், பி செல், என்கே செல் என்ற எதிர்ப்பு செல்கள் எல்லாம் இருந்தன, தூண்டினால் விழிக்கவில்லை.

டி செல்லின் ஏற்பி கிருமியின் துணுக்கைத் தொட்டதும், உள்ளே சில புரதங்கள் கூடி என்எஃப் கப்பா பி என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பவேண்டும். அது போனால்தான் செல் பெருகுவதற்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். அந்தக் கூட்டத்தில் காஸ்பேஸ்-8ம் ஓர் ஆள்.

கொல்லும் நொதி அங்கே எப்படிக் கொல்லாமல் இருக்கிறது? கடலூர் முதுநகரில் மீன் வெட்டும் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்து, அதே அலகில் மீனை லேசாக உரசிச் செதில் எடுப்பார். அப்புறம் அழுத்தினால் தலை துண்டாகும். அலகு ஒன்றுதான், கை கொடுக்கும் அழுத்தம் வேறு. காஸ்பேஸ்-8 தன்னைப் போன்ற இன்னொன்றோடு சேர்ந்தால் வெட்டு முழுதாக விழும், செல் சாகும். சி-ஃப்ளிப் என்ற புரதத்தோடு ஜோடி சேர்ந்தால் வெட்டு அளவோடு நிற்கும், பக்கத்தில் இருக்கும் சில புரதங்களை மட்டும் நறுக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாலூட்டிகளில் முதலில் தெரியவந்த காஸ்பேஸ் கொலைக்காக அறியப்பட்டதே அல்ல. 1992இல் கண்டறிந்தபோது அது அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெட்டித் தயார் செய்யும் நொதி, இன்றைய காஸ்பேஸ்-1. அடுத்த ஆண்டு, ஒரு சின்னப் புழுவின் செல்களைச் சாகச் செய்யும் செட்-3 என்ற மரபணு தரும் புரதம் அதன் சாயலில் இருப்பது தெரிந்தது. கொலைப் பழி அதற்குப் பிறகு வந்ததுதான்.

காஸ்பேஸ்-8 இல்லாத எலிக்குஞ்சு பிறப்பதே இல்லை, கருக்காலத்தின் பாதியிலேயே இறந்துவிடும். காரணம், ஆர்ஐபிகே-3 என்ற இன்னொரு புரதம் செல்களை வெடிக்கவைத்துக் கொல்வதை இந்த நொதிதான் அடக்கி வைக்கிறது. 2011இல் இரண்டையும் சேர்த்து நீக்கிப் பார்த்தார்கள். குஞ்சுகள் பிறந்தன, வளர்ந்தன. வயது ஏற ஏற, அவற்றுக்கும் நிணநீர்க் கணுக்கள் வீங்கின.