அப்டேட் போட்டேன், கணக்கைக் காணோம்!

கேள்வி: அண்ணே, களியக்காவிளையில ரப்பர் ஷீட் கடை, பில்லு பூரா போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்லதான். கம்ப்யூட்டர்ல ஓடுற உபுண்டு சிஸ்டத்தை 22.04-ல இருந்து 24.04-க்கு மாத்துனேன், அப்புறம் டேட்டாபேஸ் அப்கிரேட் பாதியில எரர் அடிச்சு நின்னுட்டு. ஓணம் வேற வருது, கணக்கெல்லாம் போச்சா?

பதில்: அனேகமா போயிருக்காது தம்பி, பதறாதீங்க. 22.04-ல இருந்தது போஸ்ட்கிரெஸ் 14, 24.04-ல வர்றது 16, புதுசு வந்தவுடனே 16-க்குன்னு ஒரு காலி கிளஸ்டர் (டேட்டாபேஸ் எல்லாம் இருக்கற பெட்டி மாதிரி) தானா உருவாகி 5433-ங்கிற போர்ட்ல (இணைப்பு வாசல் நம்பர்) உக்காந்துக்கும், அது இருக்கறதாலயே அப்கிரேட் கமாண்ட் முரண்டு பிடிக்கும். முதல்ல ரெண்டையும் நிறுத்திட்டு பழைய 14 டேட்டா ஃபோல்டரை பென்டிரைவ்லயாவது காப்பி எடுங்க (இதை அப்டேட்டுக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும், சரி விடுங்க). அப்புறம் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் (pg_lsclusters) அடிச்சு எந்தெந்த கிளஸ்டர் இருக்குன்னு பாருங்க, 16-க்குள்ள உங்க கணக்கு எதுவும் இல்ல, காலிதான்னு தனியா உறுதி பண்ணிட்டு அதை பிஜி_டிராப்கிளஸ்டர் (pg_dropcluster) வச்சு தூக்கிட்டு, பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்னு (pg_upgradecluster 14 main) மறுபடி ஓட்டுங்க. தூக்கறது 16-ஐ, 14-ஐ இல்ல, ரெண்டு தடவ நம்பரைப் பாத்துட்டு என்டர் தட்டுங்க! ஆட்டோரிமூவ் (தேவையில்லாத புரோகிராமை அழிக்கற கமாண்ட்) ஓட்டி 14 புரோகிராமே போயிருந்தா போஸ்ட்கிரெஸ்காரங்களோட சொந்த ரெப்போல (புரோகிராம் வச்சிருக்கற ஆன்லைன் களஞ்சியம்) இருந்து திரும்பப் போட்டுக்கலாம். பில்லு சரியா வருதான்னு ஒரு வாரம் பாத்த பிறகு பழசை அழிங்க.